தலைமாட்டில் வடக்கு

வளைகுடாவில் வேலை செய்த தம்பி, விடுமுறையில் வந்தபோது எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்தான். ஆண்கள் கட்டுவது. கறுப்பு ரப்பர் வார், ஓரத்தில் பித்தான்கள், நடுவே முள்ளுக்குப் பதிலாக எண்கள். "மல ஏறுறவங்க கட்டுறது அக்கா இது. தெச காட்டும்," என்றான். நான் இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருந்தேன். தாதியோ மருத்துவிச்சியோ, தோட்டத்தில் எல்லோரும் மிஸ்ஸிதான். நாள் முழுக்க மலை ஏறி இறங்குவது என் பிழைப்பு என்றாலும், திசை பார்த்து நான் ஒரு இடத்துக்கும் போனதில்லை. எங்களுக்குத் திசை இரண்டே இரண்டு, மேலே, கீழே. தோட்டத்தின் பிரிவுகளுக்கே மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்றுதான் பெயர். சங்கிலி வாங்கி வருவான் என்று காத்திருந்தவளுக்கு வடக்கை வாங்கி வந்திருக்கிறான் என்று அம்மாவிடம் புலம்பினேன்.

ஆனால் கட்டிக்கொண்டேன். ஒரு பித்தானை அழுத்தினால் எண்கள் மறைந்து, விளிம்பில் சின்னதாக ஓர் அம்புக்குறி ஓடும். கையைத் தட்டையாக வைத்துக்கொண்டு நின்றால் அது கொஞ்சம் தள்ளாடிவிட்டு வடக்கில் போய் நிற்கும். சிறிது நேரத்தில் மறுபடியும் மணிக்குத் திரும்பிவிடும். "என்னா மிஸ்ஸி, ரேடியோவ கையில கட்டிக்கிட்டுப் போறீங்க?" என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் கேலி செய்தார்கள். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒருமுறை என் மணிக்கட்டையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதில் எது எதைத் தாங்குகிறது என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நல்ல கடிகாரத்தைக் கேலி செய்பவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

அது வடக்கே சண்டை நடந்த காலம். நுவரெலியா போகும் பஸ்ஸைச் சாவடியில் நிறுத்தி இறக்குவார்கள். அங்கே காவலுக்கு நின்ற ராணுவக்காரர் என் கையைப் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். வடக்கைக் காட்டும் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்தச் சொல்லை அந்தக் காலத்தில் யாரும் அவ்வளவு சுலபமாக வாயில் எடுப்பதில்லை. தேயிலைத் தோட்டத்துப் பொம்பிளைக்கு வடக்கு எதற்கு என்று அவர் கேட்டார். அவர் பித்தானை அழுத்தி, அம்பு நிற்கும்வரை பார்த்துவிட்டு, அது காட்டிய பக்கம் திரும்பிக் காட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு கையை அசைத்துப் போகச் சொன்னார்.

பேட்டரி மாற்றப் போனது ராகலை டவுனில் இருந்த ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்கு. அவர் தொழுகைத் திசையைச் சரிபார்க்கலாமே என்று ஆசையாகக் கடிகாரத்தை வாங்கி மேசைமேல் வைத்தார். அம்பு நேராகத் தராசைக் காட்டியது. தராசை நகர்த்தினால் அம்பும் கூடவே நகர்ந்தது. நானா சிரித்துவிட்டார். "தங்கச்சி, இதுக்கு இரும்பக் கண்டா வடக்கெல்லாம் மறந்து போகுது. வெளிய வெட்டவெளில வெச்சித்தான் பாக்கணும்," என்றார். இருவரும் தெருவில் நின்று பார்த்தோம். சரியாகத்தான் காட்டியது.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. மேல்கணக்கில், வீடுகள் வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும் ஒரு லயத்துக்குப் பிள்ளைகளின் எடை பார்க்கப் போன நாளில், விளையாட்டுப் போல ஒரு குடும்பத்தின் காம்பிரா அறைக்குள் அம்பைப் பார்த்தேன். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது எல்லா லயத்திலும் எல்லோருக்கும் தெரியும். எது வடக்கு என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. கோயில் கிழக்கே பார்த்துத்தானே இருக்கும் என்று நம்பி, அதை வைத்துப் பாயைப் போட்டிருந்தார்கள். கோயிலோ மலைச்சரிவு விட்ட இடத்தைப் பார்த்துக் கட்டியது. அந்த லயம் முழுக்க, தலைமுறை தலைமுறையாக, வடக்கே தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் சொன்னதும் லயமே கலங்கிப்போனது. அன்று பொழுது சாயுமுன் எல்லாப் பாயும் திரும்பிவிட்டது. ஒரு பெரியவர் மட்டும், இத்தனை வருசம் ஒன்றும் ஆகவில்லை, அடுப்புப் பக்கம் கால் நீட்ட முடியாது என்று மறுத்தார். அந்த மாசமே அவர் தூக்கத்தில் போய்விட்டார். வயதானவர், நெஞ்சில் சளி, எனக்குக் காரணம் தெரியும். லயத்துக்கு வேறு காரணம் தெரிந்தது. அதற்குப் பிறகு என் கடிகாரத்தை யாரும் கேலி செய்யவில்லை. நான் பித்தானை அழுத்தினால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அம்பு எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். உள்ளூர எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் மேல்கணக்குக்குப் போகும் ரோடு சரிந்து போனது. அந்த நாட்களில்தான் அங்கே ஒரு கவ்வாத்துக்காரரின் மனைவிக்கு வலி கண்டது. தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர் அவர், சின்ன வயது. முதல் பிள்ளை அவர்களுக்குத் தங்கவில்லை. நான் மத்தியானம் போய் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லை. பிள்ளை குறுக்கே கிடந்தது. நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கீறி எடுத்தால் இரண்டு உயிர். இல்லையென்றால் ஒன்றும் மிஞ்சாது. அவளிடம் இதைச் சொல்லவில்லை, புருசனிடமும் அவர் அண்ணனிடமும் சொன்னேன்.

ஓர் ஆளை, சரிந்த மண் வழியாகவே, டவுன் கடை நானாவின் வேனைப் பெரிய ரோட்டுக்குக் கூட்டி வரச் சொல்லிக் கீழே அனுப்பினோம். தனி ஆள் அந்த வழியில் சறுக்கிக்கொண்டு போய்விடலாம். தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. எங்களுக்கு இருந்த ஒரே வழி, கைவிட்ட பழைய தேயிலை மலையைக் குறுக்கே கடந்து பெரிய ரோட்டில் இறங்குவது.

அந்த மலைக்கு யாரும் போவதில்லை. முன்பு அங்கே ஒரு லயம் இருந்தது. ஒரு மழையில் ஆட்களோடு மண்ணுக்குள் போய்விட்டது. எடுக்க முடிந்தவர்களை எடுத்தார்கள், மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு தேயிலை மரமாகி, மானாப்புல் ஆள் உயரம் வளர்ந்து, பாதை எது என்று தெரியாமல் போனது. பிள்ளைத்தாச்சிகள் அந்தப் பக்கம் விறகுக்குக்கூடப் போகமாட்டார்கள். போகத்தான் வேண்டும் என்றால் மடியில் ஓர் இரும்பு இருக்க வேண்டும். இந்த இரும்பு விவகாரத்தில் எனக்கும் அவர்களுக்கும் ஓயாத சண்டை. பச்சைப் பிள்ளையின் தலையணைக்கு அடியில் துருப்பிடித்த ஆணியும் அரிவாளும் வைத்திருப்பதைக் கண்டால் எடுத்து வெளியே எறிந்துவிட்டு, லயத்துக்கே கேட்கும்படி ஏசிவிட்டு வருவேன்.

கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி அவளைப் படுக்க வைத்தோம். இருவர் தூக்க, புருசனின் அண்ணனும் இன்னொருவரும் மாற்றாளாக வர, புருசன் முன்னால் புல்லை விலக்கிக்கொண்டு போனார். நான் அவள் தலைப்பக்கம், தொட்டிலுக்கு வலது புறமாக, இடது கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ரோடு கிழக்கே இருந்தது. வடக்கை இடது கைப்பக்கமாக வைத்துக்கொண்டு நடந்தால் ரோட்டில் போய் இறங்கலாம். கணக்கு அவ்வளவுதான்.

புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. எங்கள் ஊர்ப் பனி மெல்ல வருவதில்லை, கதவைச் சாத்துவது போல வரும். முன்னால் போனவரின் முதுகு மறைந்தது. கீழே நானா ஹார்ன் அடிப்பது கேட்டது. ஆனால் மலைகள் அந்தச் சத்தத்தை வாங்கி நாலா பக்கமும் திருப்பி எறிந்தன, எது உண்மையான ஹார்ன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. "மிஸ்ஸி, நீங்க சொல்லுங்க, எந்தப் பக்கம்?" என்று அண்ணன் கேட்டார். பித்தானை அழுத்தினேன். அம்பு என் இடது பக்கம் நின்றது. "நேராப் போங்க," என்றேன்.

மறுபடி பார்த்தேன், இடது பக்கம். மறுபடியும் இடது பக்கம். இவ்வளவு அழகாக அது ஒரு நாளும் நின்றதில்லை, கொஞ்சம்கூடத் தள்ளாடவில்லை. எனக்கு அந்தக் கடிகாரத்தின்மேல் அன்பே வந்துவிட்டது. அப்போது தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பழைய லயத்துக்காரர்கள் குளித்த பீலிக் குழாய், உடைந்த நிலையிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைக் கடந்து போனோம். அவளுக்கு வலி கூடியது, மூங்கிலைப் பிடித்திருந்த என் விரல்களைப் பற்றிக்கொண்டாள். நடந்தோம், நடந்தோம். மறுபடியும் தண்ணீர்ச் சத்தம். அதே உடைந்த பீலி, அதே பாசி, சேற்றில் எங்கள் காலடிகள்.

நான் அம்பைப் பார்த்தேன், இடது பக்கம். நேராக நடந்தவர்கள் எப்படித் திரும்பி வர முடியும்? தொட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அம்பு என் வலது பக்கம் திரும்பியது. அவளுடைய தலைக்குப் பின்னால் போய் நின்றேன், அம்பு முன்னால் காட்டியது. நான் எங்கே நின்றாலும் வடக்கு அவள் தலைமாட்டில் இருந்தது. அண்ணன் என் தோளுக்கு மேலாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லயம் முழுக்கப் பாயைத் திருப்பிப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

"எங்கிட்டு நின்னு பாத்தாலும் வடக்கு இந்தப் புள்ள தலமாட்டுலயே வந்து நிக்குதே," என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. தூக்கி வந்தவர்கள் தொட்டிலைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். படித்தவள், பயிற்சி பெற்றவள், அந்தப் பனிக்குள் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நின்றேன்.

அந்தப் பயத்தைக் கோபம்தான் கலைத்தது. நானா கடைத் தராசு என் நினைவுக்கு வந்தது. கம்பளிக்குள் கையை விட்டுத் தடவினேன். அவள் தலைக்கு அடியில், மடித்த சேலைக்குள், புருசனின் கவ்வாத்துக் கத்தி. நான் ஏசுவேன் என்று எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார்கள். வலது புறமாக நடந்த எனக்கு அந்தக் கத்தி எப்போதும் இடது பக்கம். நாங்கள் எங்கே திரும்பினாலும் அம்பும் கூடவே திரும்பியிருக்கிறது, அதை வடக்கு என்று நம்பிச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம்.

நான் கத்தியை எடுத்ததும் அவள் அலறினாள். அது வலியில் அலறும் சத்தம் இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும். "அதக் குடுத்துருங்க மிஸ்ஸி. இந்த மலயில இரும்பில்லாம என்னயக் கொண்டு போவாதீங்க. எம்புள்ளய எடுத்துக்குவாங்க." ஏச வாய் திறந்தேன், வரவில்லை. அவள் உடம்பு விறைத்துக்கொண்டு வந்தது. இப்படியே திமிறினால் ரோடுவரை தாங்கமாட்டாள். கத்தியைக் கொடுத்தால் வழி இல்லை. கொடுக்காவிட்டால் அவள் இல்லை.

புருசன்தான் வழி சொன்னார். "நா கத்திய வச்சிக்கிட்டு எட்டப் பின்னால வாரேன். கல்லுல தட்டிக்கிட்டே வாரேன். நீ சத்தத்தக் கேட்டுக்கிட்டே போ. சத்தம் கேக்குறவரைக்கும் இரும்பு ஒங்கூடத்தான் இருக்கு." அவள் சரி என்று தலையாட்டினாள். அவர் பனிக்குள் பின்வாங்கினார். டக், என்று ஒரு சத்தம் கேட்டது. அம்பு அவள் தலைமாட்டை விட்டு நகர்ந்து, தள்ளாடி, முற்றிலும் வேறொரு பக்கம் போய் நின்றது.

தூக்கிக்கொண்டு நடந்தோம். பின்னால் டக், டக் என்று தட்டு வந்துகொண்டே இருந்தது. வலி வரும்போதெல்லாம் அவள் வாய் திறந்து, அந்தச் சத்தத்துக்கு ஏற்ப மூச்சு விட்டாள். நான் சொல்லிக் கொடுத்து ஒருத்தியும் அவ்வளவு ஒழுங்காக மூச்சு விட்டதில்லை. ஓடை ஒன்றைக் கடந்தோம். பிறகு வெறும் மானாப்புல், முழங்கால்வரை சேறு. அங்கே தட்டுவதற்குக் கல் எங்கே கிடைத்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒருமுறை சத்தம் மிகவும் பக்கத்தில் கேட்டது. கத்தி கிட்டே வந்தால் அம்பு கெட்டுவிடுமே என்று, "தம்பி, எட்ட வாங்க, எட்ட வாங்க," என்று கத்தினேன். பேச்சுக்குப் பதில் இல்லை. இரண்டு தட்டு மட்டும் கேட்டது. அடுத்த தட்டு தூரத்திலிருந்து வந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டில் இறங்கியபோது வேனின் விளக்குகள் பனியில் மஞ்சளாகத் தெரிந்தன. நானா ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், உடம்பெல்லாம் சேறாக, அவளுடைய புருசன் நின்றுகொண்டிருந்தார்.

நான் திரும்பி நாங்கள் வந்த பாதையைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். அவள் காதில் விழாதபடி அவரைத் தள்ளிக் கூட்டிப்போய், எப்படி முன்னால் வந்தீர்கள் என்று கேட்டேன். "ஓடயில வழுக்கி விழுந்துட்டேங்க. கத்தி தண்ணியோட போயிருச்சு. கூப்பிட்டுப் பாத்தேன், ஒங்க சத்தமே இல்ல. அப்பிடியே சரிவுல சறுக்கி ரோட்டுக்கு வந்துட்டேன்," என்றார். "இவர் வந்து ரொம்ப நேரமாச்சே தங்கச்சி. நானும் இவருமாத்தான் ஹார்ன் அடிச்சிக்கிட்டு இருந்தோம்," என்றார் நானா. தூக்கி வந்த நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓடைக்குப் பிறகுதான் நாங்கள் அதிக தூரம் நடந்தோம், தட்டைக் கேட்டுக்கொண்டே.

அன்று இருட்டுவதற்குள் பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. கடிகாரம் இரண்டு உயிரைக் காப்பாற்றிவிட்டது என்று தம்பிக்குப் போனில் சொன்னேன், அவனுக்கு ஒரே பெருமை. வேன் கிளம்புவதற்கு முன் நடந்ததை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

அவளை வேனின் பின்பக்கம் படுக்க வைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். புருசன் முன்னால், நானாவுக்கு அருகில் ஏறினார். அவள் படுத்திருந்த இடத்திலிருந்து அவரைப் பார்க்க முடியாது. நானா சாவியைக் கையில் எடுத்துவிட்டார், ஆனால் போடவில்லை. மேலே, பனிக்குள், நாங்கள் இறங்கி வந்த பக்கத்திலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. டக், டக். நிதானமாக, விடாமல்.

"மிஸ்ஸி," என்றாள் அவள். வலிக்கு நடுவிலும் முகத்தில் ஒரு நிம்மதி. "அவரத் தட்டுறத நிப்பாட்டிட்டு வரச் சொல்லுங்க. பாவம், கை வலிக்கும். நாமதான் வந்து சேந்துட்டோமே."

முன்னால் இருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் மடியில் வெறுமையாகக் கிடந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். நானா வாய்க்குள் ஓதத் தொடங்கினார்.

பேய், பிசாசு என்று யார் சொன்னாலும் சண்டைக்குப் போகிறவள் நான். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு மெல்லியதாக வந்தது. "போதுங்க. வந்து சேந்துட்டோம். புண்ணியமாப் போகும், நீங்க திரும்பிப் போங்க."

சத்தம் நின்றது.

"ஏறிட்டாரா மிஸ்ஸி?" என்று அவள் கேட்டாள். நான் கண்ணாடியை ஏற்றினேன். "ஏறிட்டேன், தாயி," என்று முன் சீட்டிலிருந்து அவர்தான் சொன்னார்.